அண்ணி போட்ட தரை

வாடகைப் படிவத்தை அண்ணிதான் தன் கையால் நிரப்பியிருந்தார். வீட்டு முகவரி, என்ன வேலை, எத்தனை நாள் வேண்டும் என்பதெல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தன. கடைசியில் கையொப்பம் போடும் இடத்துக்கு வந்தபோது, கடைக்காரர் அவருடைய விரலுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினார். "நீங்க போடுங்க சார்" என்றார். நானும் போட்டேன். இன்று அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அன்று எரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இது இரண்டாயிரத்து எட்டில், சிதம்பரத்தில் நடந்தது. கட்டட வேலைக்கான இயந்திரங்களை வாடகைக்கு விடும் கடை அது. அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒரு காம்பாக்டர். அடியில் கனமான இரும்புத் தட்டும் மேலே பெட்ரோல் எஞ்சினும் உள்ள இயந்திரம். பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் தடதடவென்று அதிர்ந்து, மண்ணை இடித்து இறுக்கிக்கொண்டே முன்னால் நகரும். முந்தின நாள் அண்ணி தனியாகப் போய்க் கேட்டபோது, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? அவுங்கள கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் துபாயில் இருந்தார். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் என்பதைத் தவிர எந்தத் தகுதியும் இல்லாத நான் விடுப்பு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனேன்.

அண்ணி சிவில் டிப்ளமா படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, மருமகள் வெயிலில் ஆட்களோடு நிற்க வேண்டாம் என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் எல்லோரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்துபோன அப்பாவை அவர்தான் பார்த்துக்கொண்டார். வாசலில் மழைக்காலம் முழுக்கச் சேறு. அப்பாவால் வாக்கரை ஊன்றிக் கேட் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. அதற்காகத்தான் கிராவல் மண் கொட்டி இறுக்கி, மேலே பேவர் பிளாக் என்கிற சிமெண்டுக் கற்களைப் பதித்து நல்ல தரை போட நினைத்தார் அண்ணி.

கடைக்காரர் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று எனக்குத்தான் விளக்கினார். நடுவில் அண்ணி ஒரு கேள்வி கேட்டார். அதற்கான பதிலையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நிதானமாகச் சொன்னார். "இது களிமண்ணு தம்பி. கிராவல ஒரே தடவையா கொட்டி ஓட்டுனா மேல மட்டும்தான் இறுகும், அடியில பொதபொதன்னு கெடக்கும். நாலு நாலு அங்குலமா போட்டு, தண்ணி தெளிச்சு, ஒவ்வொண்ணா ஓட்டணும்." எனக்குச் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்களைவிட்டு ஒரு அடி உயரத்துக்கு மொத்தமாகக் கொட்டச் சொல்லி அதன்மேல் இயந்திரத்தை ஓட்டினேன். தரை கல் மாதிரி ஆகிவிட்டதாக எனக்குப் பட்டது. அண்ணி கடப்பாரையை எடுத்து வந்து ஒரு குத்து குத்தினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. நான் அவமானத்தில் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லி, "அவன் பாத்துப்பான், நீ உள்ள போ" என்றார். அண்ணி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேலேயே பிளாக் பதிக்கும்படி ஆட்களிடம் சொல்லிவிட்டு நான் சாயங்கால பஸ்ஸில் கடலூருக்குப் போனேன்.

ஐப்பசி மழையில் தரை உள்வாங்கியது. ஒரு காலையில் அப்பாவின் வாக்கர் பள்ளத்தில் இறங்கி, அவர் குப்புற விழுந்து, நல்ல கையின் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். என் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, "பொம்பள தன் இஷ்டத்துக்கு வேலய இழுத்துவிட்டா இப்படித்தான்" என்றார். அறைக்குள் கட்டிலில் கிடந்த அப்பாவும் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அண்ணி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் மேலும் அண்ணன் மேலும் அத்தை மேலும் எனக்கு இருக்கிற கோபத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், அந்த வராந்தாவில் நின்றவன் மேல் இருக்கிற கோபத்துக்கு ஈடாகாது.

தை மாதம் மண் காய்ந்ததும் அண்ணி பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கழுவி, சுவரோரம் அடுக்கினார். கிராவலைத் தோண்டி வெளியே எடுக்கச் செய்தார். பிறகு எனக்குப் போன் செய்தார். அதே கடை, அதே ஆள். கடை வாசலிலேயே அண்ணி என்னை நிறுத்தி, "தம்பி, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. மெஷின தொடாதீங்க" என்றார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாகச் சுட்டது.

இரண்டு நாள் அவரே ஓட்டினார். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறும்படி ஓட்டினார். ஒவ்வொரு அடுக்குக்கும் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். எதிர்வீட்டு ஆண்கள் கேட்டில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை மட்டும் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அதிர்வு அடங்காத அவர் கையிலிருந்து சோறு சிதறியது. மூன்றாம் நாள் அதே பிளாக்குகளை மறுபடியும் பதிக்கச் செய்தார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அந்தத் தரை ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அண்ணன் விடுப்பில் வந்து பார்த்துவிட்டு, "என் தம்பி போட்டது" என்று ஊரெல்லாம் சொன்னார். மூன்று வருடம் நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் அப்பா இறந்துபோனார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அண்ணன் துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்டார். திருப்பாதிரிப்புலியூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த அவருடைய நண்பர் ஒருநாள் வந்தார். தரையைக் காலால் தட்டிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அண்ணன் வழக்கம்போலச் சொன்னார். அன்று ஏனோ என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் போட்ட தரையில அப்பா விழுந்து கைய ஒடச்சிக்கிட்டாரு. இது அண்ணி போட்டது" என்றேன். அண்ணன் சிரித்து, "இவனுக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார். நண்பரும் சிரித்தார். காபி கொண்டுவந்த அண்ணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் பின்னாலேயே சமையலறைக்குப் போய், சொல்லிவிட்டேன் அண்ணி என்றேன்.

"கேட்டுச்சு" என்றார் அவர், குழாயைத் திறந்துகொண்டே. "மாமா சாகற வரைக்கும் என்னாலதான் விழுந்தோம்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு. அப்ப சொல்லியிருந்தா எனக்கு ஒதவியிருக்கும். இப்ப சொன்னது உங்களுக்குத்தான்."

கூடத்துக்குத் திரும்பினேன். எத்தனை அங்குலம் கிராவல் போட்டீர்கள் என்று நண்பர் என்னிடமே கேட்டார். அவர் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு அழைத்துப் போய், இவர்களிடம் கேளுங்கள் என்றேன். அண்ணி பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல், நாலு நாலு அங்குலமாக மூன்று அடுக்கு என்றார். தண்ணீர் எவ்வளவு, எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்பதையும் சொன்னார்.

நண்பர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, சரிதானே என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.