கெரட்டோமும் கல்யாண ஓலையும்

சனிக்கிழமையின் கடைசி ஆபரேஷன் முடிந்து, ஐவி கெரட்டோமைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவுக்கு ஓர் எஃகுத் தலை, அதற்குள் நுழையும் பிளேடு, கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையம், பின்னால் சின்ன மோட்டார், அவ்வளவுதான். டாக்டர் காலால் பெடலை மிதித்தால் பிளேடு அதிர்ந்துகொண்டே கருவிழியின் மேல் ஊர்ந்து, வெங்காயச் சருகுபோல ஒரு மூடியைச் சீவி, ஓரத்தில் கொஞ்சம் ஒட்டு வைத்து நிற்கும். மூடியைப் புரட்டி வைத்து லேசர் கொடுத்து மறுபடி மூடிவிட்டால் கண்ணாடிக்கு விடுதலை. வருகிறவர்கள் எல்லாரும் லேசர், லேசர் என்றுதான் பேசுவார்கள். லேசருக்கு முன்னால் ஒரு கத்தி ஓடுகிறது என்பதை ஐவி ஒரு நாளும் மறந்ததில்லை.

பழைய பிளேடைக் கூர்ப்பொருள் டப்பாவில் போட்டாள். தலையை வடிநீரில் அலசி, மெல்லிய பிரஷால் பல் பல்லாகத் தேய்த்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். உப்புத்துகள் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தாலும் மோட்டார் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியில் மோட்டாரை முன்னும் பின்னும் ஓடவிட்டு, அதைக் காதருகே வைத்துக் கேட்டாள்.

"சிஸ்டர், அது மெஷின். மாமியார் இல்ல" என்றான் ஃபராஸ். கண் அளவு எடுக்கும் டெக்னீஷியன். "இன்னாத்துக்கு இவ்ளோ சந்தேகப்படறீங்க?"

"மாமியாரா இருந்தா கேள்வி கேட்டா பதிலாவது சொல்லும். கையக் கழுவிட்டு வந்து பேசு."

சந்தேகம் ஐவிக்குத் தொழிலோடு வந்தது. சாந்தோம் பங்குக் கோயிலுக்குப் பின்சந்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் நர்சிங் உதவியாளர் பயிற்சி எடுத்தவள். ராயப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம், பிறகு மயிலாப்பூரில் வீடு வீடாகப் படுத்த படுக்கையான முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சர்க்கரை நோயாளி தலையணை உறைக்குள் மைசூர்பாகு வைத்திருப்பார். வலியே இல்லை என்கிறவருக்குத்தான் வலி உயிர் போகும். நர்சிங் ஹோமிலிருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரம். மாத்திரை சாப்பிட்டேன் என்றால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லுவாள். அவளுக்கே இரண்டு வரன் வந்தபோதும் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டாள். ஒருவர் விஷயத்தில் சந்தேகம் சரியாக இருந்தது. இன்னொருவர் இன்றைக்கும் மந்தைவெளியில் மனைவி மக்களோடு நன்றாக இருக்கிறார். அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

அடையாற்றில் இந்தச் சின்னக் கண் கிளினிக்குக்கு வந்த பிறகு சந்தேகத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது. கெரட்டோமை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது.

திங்கட்கிழமை அந்த மெஷினுக்கு அடியில் படுக்கப்போகிறவள் ஷில்பா. ஐவியின் தம்பி வில்லியமின் ஒரே மகள், இருபத்தைந்து வயது, மைனஸ் ஐந்து பவர். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் மாப்பிள்ளை ஃபிரெட்ரிக்கோடு கல்யாணம், அதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று தம்பி மனைவி தங்கபுஷ்பம் ஒற்றைக்காலில் நின்றாள். ஐவிக்கு மனசில்லை. ஆனாலும் டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

அளவு எடுக்க ஷில்பாவை அவளுடைய அம்மா அன்று அழைத்து வந்திருந்தாள். ஃபராஸ் கருவிழி வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"சிஸ்டர், உங்க பொண்ணு ரிப்போர்ட் இடிக்குது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்தப்ப வளைவு ஒண்ணு, இன்னிக்கு வேற. கொஞ்சம் தட்டையா காட்டுது."

"உன் மெஷின் கோளாறு."

"காலைல இருந்து எல்லாருக்கும் கரெக்டா காட்டுது."

"அப்போ நீ தப்பா எடுத்திருப்ப. ஆள மாத்திப் போட்டிருப்ப."

"ஷில்பான்னு ஒரே ஒரு ஆளுதான் சிஸ்டர் வந்துது."

ஐவி விடவில்லை. தன் முகவாயை மெஷின் மேல் வைத்து, என் கண்ணை எடு என்றாள். எடுத்தான். போன வருஷம் எடுத்ததும் இதுவும் அச்சாக ஒன்றாக இருந்தன. ஷில்பாவை மறுபடி உட்கார வைத்தார்கள். மறுபடியும் தட்டை.

வளைவில் வித்தியாசம் என்றால் விளையாட்டு இல்லை. கருவிழி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்த வளையம் மாட்டுவது என்று டாக்டர் முடிவு செய்வார். வளையம் பொருந்தாவிட்டால் மூடி நடுவில் ஓட்டையாகும், அல்லது ஒட்டே இல்லாமல் முழுசாகப் பிய்ந்து வரும். லேசரின் கணக்கும் இதே அளவை வைத்துத்தான்.

டாக்டர் விஜயலக்ஷ்மி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கான்டாக்ட் லென்ஸ் ஏதாவது போட்டியாம்மா? உண்மையைச் சொல்லு. லென்ஸ் போட்டா கருவிழி அமுங்கும். அதனாலதான் ரெண்டு வாரம் கண்ணாடி மட்டும்னு சொன்னேன்."

"இல்ல மேடம். என்கிட்ட லென்ஸே கிடையாது."

"சத்தியமா கிடையாது டாக்டர். கண்ணாடிதான் போடுதா" என்றாள் தங்கபுஷ்பம், கேட்காமலேயே. தூத்துக்குடிக்காரி, மெட்ராஸுக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"கண்ணு வறட்சியா இருந்தாலும் இப்படி வரலாம். எனக்கு இது பிடிக்கலை. திங்கட்கிழமை காலையில மறுபடி எடுப்பேன். அப்பவும் நிலையா இருந்தாதான் படுக்க வைப்பேன்."

டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் ஐவிக்கு வேறொன்று உறுத்தியது. லென்ஸ் போட்டு அமுங்கிய கண் திங்கட்கிழமையும் அதே மாதிரி அமுங்கித்தான் இருக்கும். இரண்டு தப்பு ஒன்றாக இருந்தால் பார்ப்பதற்குச் சரி மாதிரியே இருக்கும்.

சொட்டு மருந்து விட ஷில்பாவின் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். மூக்கின் மேல் இரண்டு பக்கமும் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. மைனஸ் ஐந்துக்குக் கனமான கண்ணாடி. இரண்டு வாரம் காலை முதல் இரவு வரை மாட்டியிருந்தால் மூக்கில் இரண்டு குழி விழுந்திருக்கும். இந்த மூக்கின் மேல் இன்றைக்குக் காலையில்தான் கண்ணாடி ஏறியிருக்கிறது.

ஐவி அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் ஒன்றாக இருக்கும்போது கேட்டால் அம்மாதான் பதில் சொல்லுவாள். பஸ் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வில்லியம் டி.வி. முன்னால் இருந்தான். "வாக்கா. டீ குடிக்கிறியா?"

"அப்புறம். ஷில்பாவக் கூப்பிடு."

ஷில்பா வந்தாள். கண்ணாடி இல்லை. ஆனால் சுவரைத் தடவாமல், நாற்காலியில் இடிக்காமல், நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி எங்கடி?"

"இப்பதான் அத்தை கழட்டினேன்."

"அங்க காலண்டர்ல இன்னைக்கு எந்த அர்ச்சிஷ்டவர் திருநாள்னு படி."

எதிர்ச் சுவரில் பொடி எழுத்தில் இருந்த புனிதர் பெயரை ஷில்பா பாதி படித்துவிட்டாள். பிறகுதான் வாயை மூடினாள். வில்லியம் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"லென்ஸ் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் அத்தை."

"ஞாயித்துக்கிழமை மட்டுமா?"

"...ஃபிரெட்ரிக் வீடியோ கால் பண்ணா போட்டுப்பேன்."

"எப்பப்ப பண்ணுவாரு?"

"டெய்லி."

தங்கபுஷ்பம் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்ன மதினி, பிள்ளைய உக்காரவச்சுப் போலீஸ் மாதிரி கேக்குதிய? அந்த மெஷினை நீங்களே நம்பமாட்டிய. இப்ப என்னடான்னா எங்க மேல பழிய போடுதிய."

"மெஷின் மாப்பிள்ளை தேடலை புஷ்பம், பொய் சொல்றதுக்கு."

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல்முதலில் பெண் பார்க்க வந்த அன்று தங்கபுஷ்பம் மகளின் கண்ணாடியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள். பங்குக்குப் புதிதாக வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ஜொவிட்டா டீச்சர், பொண்ணுக்குக் கண்ணாடி உண்டா என்று நேராகவே கேட்டார். கிடையாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற லென்ஸ் வாங்கினார்கள். லென்ஸைக் காப்பாற்ற ஆபரேஷன்.

"அன்னைக்கு அவரு மூஞ்சியே தெரியல அத்தை. நீலச் சட்டைன்னு மட்டும் தெரிஞ்சுது. காபிய அவங்கப்பா மடியில வச்சிருப்பேன், நல்லவேளை அம்மா தட்டைப் பிடிச்சாங்க."

வில்லியம் சிரித்துவிட்டான். மனைவி பார்த்த பார்வையில் நிறுத்தினான்.

"சிரிக்கிறியா?" என்றாள் ஐவி. "கேளு. திங்கட்கிழமை வளையத்தை இவ கண்ணு மேல வச்சு உறிஞ்சுவாங்க. உறிஞ்சின நேரம் பார்வை இருட்டிக்கும். அப்புறம் பிளேடு ஓடும். தப்பான அளவுக்கு ஓடிச்சுன்னா மூடி கிழிஞ்சு வரும். அதத் தைக்க முடியாது, ஒட்ட முடியாது. கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியாத கண்ணோட இவ கல்யாணத்துக்கு நிப்பா. அந்த மெஷினைக் கழுவி எடுத்துக் குடுக்கறவ நான். நாளைக்கு எல்லாரும் என்ன சொல்வாங்க? ஐவி சிஸ்டர் மெஷின் கோளாறும்பாங்க."

தங்கபுஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. "ரெண்டு வாரம் லென்ஸ கழட்டிட்டு அப்புறம் பண்ணலாம்லா மதினி?"

"ரெண்டு வாரத்துல கல்யாணம். ஆபரேஷன் பண்ணின கண்ணோட சாம்பிராணிப் புகையிலயும் வீடியோ லைட்லயும் நிக்கப் போறாளா? கண்ணைக் கசக்கினா மூடி நகரும்."

"அப்ப அந்தம்மாட்ட என்னத்தச் சொல்ல? நிப்பாட்டிட்டாவன்னா? போன வாரம் கோயில்ல கல்யாண ஓலை வேற படிச்சாச்சு. பங்கே சிரிக்கும்."

ஐவி அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "கேன்சல் பண்ணுங்க சிஸ்டர். கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பேச்சே வேண்டாம். பொண்ணை லென்ஸைக் கழட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஷில்பா எழுந்து உள்ளே போனாள். லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அழுகையா, லென்ஸா என்று ஐவிக்கு நிச்சயமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். லென்ஸ்தான்.

"போன் வந்துச்சுன்னா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம், ஐவியைப் பார்க்காமல் மகளிடம்.

"கண்ணாடியோடதான் பேசுவேன்."

அன்றைக்கும் போன் வந்தது. ஷில்பா மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது என்ன பேசினாள் என்று மூன்று பேரும் கேட்டார்கள். "நெட்வொர்க் சரியில்ல, ஆடியோ மட்டும் போட்டேன்" என்றாள். ஐவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்கு ஐவி சீக்கிரம் போய்ப் பெண்கள் பக்கம் நடுவரிசையில் உட்கார்ந்தாள். அம்மாவும் மகளும் வந்தார்கள். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. லென்ஸ் டப்பாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள், வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கம் ஃபிரெட்ரிக் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், இன்னொரு தரமும் பார்த்தான். ஜொவிட்டா டீச்சர் இரண்டு வரிசை முன்னால் இருந்தார். திரும்பவில்லை.

பூசை முடிவில் சாமியார் ஓலை படித்தார். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார், இது இரண்டாம் ஓலை, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தங்கபுஷ்பத்தின் கை ஜெபமாலையை முறுக்கியது.

வெளியே வந்ததும் ஐவி நேராக ஜொவிட்டா டீச்சரிடம் போனாள். பேச வாயெடுப்பதற்குள் ஷில்பா முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எனக்குப் பார்வை மைனஸ் அஞ்சு. சின்ன வயசுல இருந்தே கண்ணாடிதான். அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்."

டீச்சர் அவளைப் பார்த்தார், தங்கபுஷ்பத்தைப் பார்த்தார், கடைசியில் பார்வை ஐவியிடம் வந்து நின்றது. "நீங்க நர்ஸ்தானே? உங்களுக்குத் தெரியுமில்ல?"

"கண்ணாடி தெரியும். நீங்க கேட்டதும் இவங்க இல்லைன்னதும் நேத்துதான் தெரியும்."

"கண்ணாடிக்குப் பொய் சொன்னவங்க வேற எதுக்கெல்லாம் சொல்லியிருப்பீங்க? சர்க்கரை? ஃபிட்ஸ்? முன்னாடி வேற எங்கயாவது நிச்சயம் பண்ணி நின்னுபோச்சா?"

தங்கபுஷ்பம் அழத் தொடங்கினாள். ஃபிரெட்ரிக், "அம்மா, விடுங்களேன்" என்றான். "நீ சும்மா இரு" என்றார் டீச்சர்.

ஐவிக்குக் கோபம் வரவில்லை. அவள் அந்த இடத்தில் இருந்தால் இதைவிட அதிகமாகக் கேட்டிருப்பாள். அடுத்த பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோயில் மதிலோரம் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் காலியாக இருந்தது.

"நியாயமான கேள்வி. இங்க உக்காருங்க டீச்சர்" என்றாள். "ஒண்ணொண்ணா கேளுங்க. ஷில்பாதான் சொல்லணும். புஷ்பம், நீ வாயத் திறக்காத."

டீச்சர் உட்கார்ந்தார். ஷில்பா எதிரில் நின்றாள். ஃபிரெட்ரிக் கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மா பக்கத்திலிருந்து நகர்ந்து ஷில்பா பக்கத்தில் போய் நின்றான். டீச்சர் அதையும் கவனித்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, முதல் கேள்வியைக் கேட்டார்.