வலது முன்பக்கம்

ஈரமான உல்லன் நூலின் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடைக்கானல் மூடுபனியில் எந்த நூலும் முழுசாகக் காயாது. கரி அடுப்புப் பக்கத்தில் நூல்பந்தை வைத்துக்கொண்டு நான் ஸ்வெட்டர் பின்னிய நாட்கள் அவை... எண்பதுகளின் தொடக்கம்.

அதற்கு முன் பள்ளங்கி கிராமத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன். டவுனில் அண்ணன் வீட்டுக்கு வந்து, மதினியிடம் பின்னக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஆர்டர் ஒரு சின்னப் பிள்ளைக்கு, முன்னால் பட்டன் வைத்த கோட். சீசனுக்கு வந்திருந்த ஒரு மேடம் ஸ்வெட்டர் கடையில் கேட்டிருந்தார். நூலும் இங்கிலீஷ் பேட்டர்ன் புத்தகமும் அவருடையவை.

"சனிக்கெழம அவுக கீழ எறங்குறாக. நல்லா வந்துச்சுன்னா ஒனக்கு நெரந்தரமா வேல இருக்கு. இல்லன்னா பாத்துக்கலாம்" என்றார் கடைக்காரர்.

அந்தப் 'பாத்துக்கலாம்' என்றால் மறுபடியும் பீன்ஸ் தோட்டம்தான்.

பத்தாவது இங்கிலீஷை வைத்தே முதுகு, கைகள், இடது முன்பக்கம் எல்லாம் முடித்துவிட்டேன். தெரியாத வார்த்தை வந்தால் ஊகித்துப் பின்னிப் பார்ப்பேன். படத்தோடு ஒத்துப்போனால் அதுதான் அர்த்தம்.

வலது முன்பக்கத்துக்கு வந்தால் ஒரே ஒரு வரி. இடது பக்கம் போலவே பின்னவும், 'ரிவர்ஸிங் ஆல் ஷேப்பிங்ஸ்'... அவ்வளவுதான்.

ரிவர்ஸ் என்றால் பஸ் பின்னால் போவது, அது தெரியும். அதனால் கடைசி வரியில் ஆரம்பித்து, தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னினேன். கழுத்து வளைவு எங்கோ போய் நின்றது. பிரித்தேன். அகராதி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்து வேறு மாதிரி பின்னினேன். அதையும் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க நூல் நைந்துகொண்டே வந்தது... அந்த ரோஸ் நிறம் கொடைக்கானலில் எந்தக் கடையிலும் கிடையாது.

"பேசாம கடைக்காரர்ட்டயே கேட்டுருவமா?" என்றார் மதினி.

"கேட்டா எனக்குத் தெரியலன்னு ஆயிரும் மதினி."

"தெரியலதான?"

அழுகையே வந்துவிட்டது. என்னைச் சமாதானப்படுத்த அவர் அந்த இடது துண்டை எடுத்து என் நெஞ்சில் வைத்து, "இது எம்புட்டு நல்லா வந்துருக்கு, பாரு" என்றார்.

சுவரில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு இடது பக்கம் இருந்த துண்டு, கண்ணாடிக்குள் நின்றவளுக்கு வலது பக்கம் இருந்தது. கழுத்து வளைவும் அவளுக்குச் சரியான பக்கத்தில்...

இடது பக்கத்தில் கழுத்து வளைவுக்காக வரியின் முடிவில் குறைத்த கண்ணிகளை, இந்தப் பக்கம் ஆரம்பத்தில் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பட்டனையும் தைத்து, சனிக்கிழமை காலையில் கொண்டுபோனேன். கடையில் மேடம் மகளுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, "இப்ப குளிருதா?" என்று அவளிடம் மட்டும் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். கடைக்காரர் அடுத்த நூல்பந்தை என் கையில் கொடுத்தார்.

இப்போது என் மகள் மாசமாக இருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போனில் வீடியோ பார்த்துப் பின்னுகிறாள். எந்த வார்த்தையைத் தட்டினாலும் உடனே அர்த்தம் வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நேற்று வீடியோவில் இடது பக்கத்தை முடித்த பெண், அடுத்த பக்கத்தையும் இதே மாதிரி ரிவர்ஸில் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"அம்மா... இது எப்படிம்மா?"

ஊசியும் கையுமாக என்னைப் பார்த்தாள். அன்றைய என் பயம் அப்படியே அவள் முகத்தில்.

கைபிடித்து எழுப்பி, அவளைப் பீரோ கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.