ஆடியில் விற்ற கார்

அய்யாவு யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காத மனுஷன். அதை அவரே ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார், அதுதான் அவரிடம் இருந்த ஒரே தொல்லை. சாலாக் செலாத்தானிலிருந்து தினமும் பதினாறு பிள்ளைகளைத் தன் வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். எந்த வீட்டிலாவது மாதக் காசு தாமதமானால் வாசலில் நின்றே கேட்டுவிடுவார். "நான் யாருக்காச்சும் பாக்கி வெச்சிருக்கேனா? சொல்லுங்க பாப்போம்!"

அப்படிப்பட்ட மனுஷன் வீட்டு வாசலில், 1993 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், கடன் வசூலிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் பெயர் வாசு. கழுத்தில் டை, கையில் ஃபைல். மற்றவன் வாயே திறக்கவில்லை. வேனின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றான்.

"அங்கிள், முப்பத்தேழு பார்க்கிங் சம்மன். எல்லாம் கிள்ளான்ல. எண்பத்தஞ்சுலேருந்து எண்பத்தெட்டு வரைக்கும். வசூல் பண்ற வேலைய முனிசிபால்டி எங்க கம்பெனிகிட்ட குடுத்திருக்கு. கம்பெனி சார்ஜ் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து தொள்ளாயிரம் வெள்ளி."

"என்னா தம்பி பேசற? நான் கிள்ளான் பக்கமே போறதில்ல!"

"டட்சுன் காரு அங்கிள். நீல கலரு. உங்க பேருதான், உங்க அடையாளக் கார்டு ஐ.சி. நம்பர்தான். லெட்டரெல்லாம் உங்க பழைய ரயில்வே குவாட்டர்ஸுக்குப் போயிருக்கு."

அந்தக் குவாட்டர்ஸை இடித்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் நீல டட்சுன் என்றதும் அய்யாவுக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் விற்ற கார் அது. வாங்கியவன் டெங்கில் பக்கம் தோட்டத்து லோரி ஓட்டிய பக்கிரிசாமி.

விற்றது ஆடி மாதத்தில். ஆடியில் யாராவது வண்டி வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள். ஆனால் பக்கிரிசாமிக்குப் பொண்டாட்டி பிள்ளைத்தாச்சி, கார் உடனே வேண்டும். அய்யாவுக்கோ இந்த வேனுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். இரண்டு பேரும் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார் இப்பவே போகட்டும், காசும் இப்பவே வரட்டும், பெயர் மாற்றுவதை மட்டும் ஆவணி பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம். பெயர் மாறினால்தானே வாங்கியதாகக் கணக்கு! ஆடி மாதத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அய்யாவு பெயர் மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆவணி வந்தது, போனது. கையில் முழுக் காசும் வந்துவிட்டதால் அவர் திரும்பி நினைக்கவே இல்லை.

அய்யாவு விற்ற கதையைச் சொன்னார். "விளக்கம் எல்லாம் எனக்கு வேணாம் அங்கிள்," என்றான் வாசு. மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "முப்பதாந்தேதி உங்க வேன் ரோட்டெக்ஸ் முடியுது. இந்த வருசம் உங்க பேரு பிளாக்லிஸ்ட்ல ஏறிருச்சு. இத முடிக்காம ரோட்டெக்ஸ் எடுக்க முடியாது லா."

சாலை வரி கட்டாத, ரோட்டெக்ஸ் இல்லாத வேனில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? அடுத்த தெருவில் இன்னொருவன் புது வேன் வாங்கி வைத்துக்கொண்டு எப்போது எப்போது என்று காத்திருந்தான். ஒரு வாரம் வண்டி நின்றால் போதும், பதினாறும் அங்கே போய்விடும். வேனுக்கு இன்னும் பத்து மாதத் தவணை பாக்கி. இராஜம்மாவிடம் இருந்த ஒரே சங்கிலியும் போன வருஷமே அடகுக்குப் போயாயிற்று.

வாசு போகிற போக்கில் ஒரு தாளை நீட்டினான். "காரு அத வாங்குன ஆளுகிட்டதான் இருந்துச்சுன்னு அவரு இல்லாட்டி அவரு வீட்டு ஆளு யாராச்சும் இதுல சைன் வெச்சா, நாங்க அவங்கள பாத்துக்குவோம். கம்பெனிக்கு யாரு குடுத்தாலும் காசு காசுதான். அடுத்த சனிக்கிழமை வரேன்."

அவர்கள் போனதும் இராஜம்மா பிடித்துக்கொண்டாள். "ஊரு பூரா வாய் கிழியப் பேசினீங்களே, ஒரு பேர மாத்தத் தெரியலையே உங்களுக்கு!" அன்று அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கிரிசாமியின் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டால்தான் ஆத்திரம் தீரும் என்று மறுநாளே டெங்கிலுக்கு வேனை எடுத்தார்.

அங்கே பிடிக்கச் சட்டை இல்லை. பக்கிரிசாமி செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சரிவில் லோரி புரண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மனைவி மாரியாயி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இவரை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"காரு வித்த அண்ணனா! வாங்கண்ணே, உள்ள வாங்க. அந்தக் காரு இல்லாட்டி எம் பெரியவன் வழியிலேயே பொறந்திருப்பான். ராவோட ராவா அதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு."

கோபத்தோடு வந்த மனுஷனுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பலகை வீடு. மூன்று பிள்ளைகள். அவள் மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள், கூலி கிலோ கணக்கில். காரைப் புருஷன் காரியச் செலவுக்கு முந்நூறு வெள்ளிக்குப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாளாம்.

"சனிக்கிழமைன்னா கிள்ளான் பாசாருக்குக் கீரை ஏத்திட்டுப் போவாரு," என்றாள் அவள், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே. "வரும்போது காரு கண்ணாடில சொருகி வெச்ச சீட்டு ஒண்ணு கொண்டாருவாரு. பிள்ளைங்களுக்குக் கப்பல் செஞ்சு குடுப்பாரு."

அட பாவி! முப்பத்தேழு கப்பல்! அய்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு காகிதத்தை எடுத்து வந்து காட்டினாள். அய்யாவு அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே பாரம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "வருசா வருசம் ஆவணில மாத்தணும்னு எடுப்பாருண்ணே. ஒரு வருசம் தீட்டு, ஒரு வருசம் கையில காசில்ல. அப்படியே போயிருச்சு."

அய்யாவு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். பிறகு முப்பதாம் தேதி ஞாபகம் வந்தது, வேன் ஞாபகம் வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ஒரு கையெழுத்து வேணும்மா. காரு விசயமா பழைய பைல் ஒண்ணு இருக்காம். அத மூடறதுக்கு."

மாரியாயி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் மலாய். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள்.

"எனக்கு ஏதும் தொந்தரவு வராதில்லண்ணே?"

"ஒண்ணும் வராதும்மா. நான் இருக்கேன்ல."

ஐம்பத்து நாலு வயதில் அவர் சொன்ன பொய்களில் மிகவும் சுலபமாக வாயில் வந்தது அதுதான். அவள் தரையில் உட்கார்ந்து, தாளைப் பலகையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்து, "கோணலா இருக்காண்ணே?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். அவர் கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்லவும் அவருக்குத் தைரியமில்லை. வழியில் அதை ஒரு கால்வாயோரம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். இராஜம்மா கேட்டதற்கு, "சைன் வெச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி சனிக்கிழமை வாசு வந்தான். தாளை இரண்டு முறை படித்தான். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "தமிழ்ல போட்டிருக்காங்க. பரவால்ல, செல்லும்," என்றான். ஃபைலைத் திறந்து, அய்யாவு பெயரில் பாக்கி ஏதுமில்லை என்று முத்திரை குத்திய கடிதத்தை வெளியே எடுத்தான். அய்யாவு கையை நீட்டினார். வாசு கொடுக்கவில்லை.

"தோட்டத்துக்குள்ள வீட்டு நம்பரெல்லாம் இருக்காதே அங்கிள். நீங்கதான் போயிட்டு வந்தீங்க. வழி சொல்லிருங்க."

வாய் திறக்காதவன் அன்றும் வந்திருந்தான். அதே மாதிரி வேனில் சாய்ந்து நின்றான். மறந்துவிட்டது என்று சொல்லலாம். இருட்டிவிட்டது, சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். உள்ளேயிருந்து இராஜம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வாசுவின் கையில் இருந்தது.

"டெங்கில் டவுன் தாண்டி ரெண்டாவது மண்ரோடு," என்றார் அய்யாவு. "உள்ள போனா தண்ணித் தொட்டி ஒண்ணு வரும். அங்கேருந்து சோத்துக்கை பக்கம் கடைசி வீடு."

வாசு எழுதிக்கொண்டான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"தம்பி," என்று கூப்பிட்டார் அய்யாவு. "காலையில போகாதீங்க, அது வேலைக்குப் போயிரும். நாலு மணிக்கு மேல போனீங்கன்னா வீட்டுலதான் இருக்கும்."