அண்ணியோடு சிங்கமீன் வேட்டை: ஃப்ரீபோர்ட் கடலில் ஒரு சனிக்கிழமை

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸ் போகிறவர்கள் விண்வெளி மையம் பார்ப்பார்கள், கோவிலுக்குப் போவார்கள். நான் கடந்த ஜூலையில் போனது மீன் குத்த. ஹூஸ்டன் அருகே கேட்டியில் இருக்கும் என் அண்ணி வசந்தி வார நாட்களில் மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். வார இறுதியில், முறையாக உரிமம் வாங்கி, சிங்கமீன் பிடித்து ஹூஸ்டன் உணவகங்களுக்கு விற்கிறார். "டைவிங் சர்டிபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டவா வாங்கின? வந்து என்கூட இறங்கு கவி" என்றார். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

சிங்கமீன் என்றால் லயன்ஃபிஷ்தான். உடம்பெல்லாம் வரி, விசிறி மாதிரி செட்டை, முதுகில் விஷமுள். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவில் அதைத் தின்ன ஆளில்லை. அதுவோ உள்ளூர்க் குஞ்சு மீன்களை அள்ளி விழுங்குகிறது. தூண்டிலில் அதிகம் சிக்காது. ஆள் இறங்கிக் குத்தினால்தான் உண்டு. சதையில் விஷம் கிடையாது, தைரியமாகச் சாப்பிடலாம்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் வளைகுடாக் கரையில் ஃப்ரீபோர்ட். படகில் என் பங்கு 180 டாலர். படகோட்டி டுவைன் பேசியதைவிடச் சிரித்ததுதான் அதிகம். மூன்று மணி நேரம் ஓடி, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ஒரு மேடை அருகே நிறுத்தினார். அதன் இரும்புக் கால்களில் பவளமும் பாசியும் படர்ந்து, அதுவே ஒரு பாறை மாதிரி ஆகிவிட்டது.

பென்சில்வேனியாவில் பச்சைத் தண்ணீர் தேங்கிய கல்குவாரியில் டைவிங் பழகியவள் நான். இங்கே கண்ணாடி மாதிரி நீலம்! அறுபதடி ஆழத்தில் சிங்கமீன்கள் யாருக்கும் பயமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அண்ணி குட்டை ஈட்டியால் குத்திக் குத்தி, மீன் போட நான் பிடித்திருந்த, அடி மூடிய அகலப் பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ளினார். குழாய் பாதி நிறைந்தபோது ஒரு பெரிய மீன் துள்ளித் திரும்பியது. அண்ணி கையை உதறினார். கையுறையைத் தாண்டி முள் விரலில் ஏறிவிட்டது.

வலியில் அவர் மூச்சு தாறுமாறானது. குமிழிகள் கொத்துக் கொத்தாய்ப் பறந்தன. அவசரமாக மேலே போனால் உயிருக்கே ஆபத்து. இருபது டைவ்கூட முடிக்காத நான் அவர் தோளைப் பற்றி, கண்ணைப் பார்த்து, 'மெல்ல' என்று சைகை காட்டினேன். மெல்ல ஏறினாலும், ரத்தத்தில் கரைந்த காற்று வெளியேற, பதினைந்தடி ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றே ஆக வேண்டும். அந்த மூன்று நிமிடம்போல் நீண்ட நேரத்தை நான் பார்த்ததில்லை. அப்போது விரல்நுனி அளவு நீலக் குஞ்சு மீன்கள் நூற்றுக்கணக்கில் எங்களைச் சூழ்ந்தன. அண்ணி என் கையைப் பிடித்த பிடியை விடாமல், முகக்கண்ணாடிக்குள் சிரித்தார்.

மேலே வந்ததும் டுவைன் பிளாஸ்கிலிருந்து தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றினார். ஒரு மணி நேரம் விரலை முக்கி வைத்தபின் வலி தணிந்தது.

"பயந்துட்டியா?"

"செத்தேன் அண்ணி."

"மூஞ்சில தெரியவே இல்ல! நான்தான் பயந்தேன்."

மாலையில் உணவகத்தில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு மீனை எலுமிச்சையும் மிளகும் போட்டுப் பொரிக்கச் சொன்னோம். வெள்ளைச் சதை, இனிப்பு, நடுமுள் தவிர ஒன்றுமில்லை. வாயில் போட்டதும் கரைந்தது.

போக நினைப்பவர்களுக்கு: அட்வான்ஸ்டு சான்றிதழ் இல்லாமல் வேண்டாம். உரிம விதிகளை முன்னதாகப் படியுங்கள். முள்குத்தாத கையுறையும் சூடு போகாத பிளாஸ்க்கும் கட்டாயம். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். மூச்சுத் திணறினால் நேராக எமர்ஜென்சிதான். வாந்தி மாத்திரையை முந்தின இரவே போடுங்கள்.

ஞாயிறு மாலை எனக்கு ஃப்ளைட். காலையில் அண்ணியின் விரல் குலாப் ஜாமூன் மாதிரி வீங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமையும் கடல் அமைதியாக இருக்கும் என்று டுவைனிடமிருந்து மெசேஜ்.

"அதுக்குள்ள வீக்கம் வடிஞ்சுடும். ஆனா ஈட்டி புடிக்க முடியுமான்னு தெரியல" என்ற அண்ணி, காபியை உறிஞ்சியபடி என்னைப் பார்த்தார். "ஈட்டிய நீ எடுத்துக்கோ. குழாய நான் தூக்கறேன்."

மேனேஜருக்கு ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று எழுதிவிட்டு, டிக்கெட்டை மாற்றினேன்.