அண்ணன் கூட்டாத பொதுக்கூட்டம்

எங்கள் அண்ணன் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து டென்மார்க்கின் பிராண்டேயில் கண்மூடினார். இடையில் காற்றாலைத் தொழிற்சாலையில் உழைத்தார்; திருமணம் செய்யவில்லை; இங்குள்ள தமிழ்ச் சங்கத்தை ஆண்டார். தெரிந்தேதான் “ஆண்டார்” என்கிறேன். இந்த நினைவு மலரில் அவரை “ஏகமனதாகத் தெரிவான தலைவர்” என்று எழுதும்படி சங்கத்தார் கேட்டனர். நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, “ஏகமனதாக” என்ற சொல்லைக் கண்டாலே சந்தேகம் வரும். அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை.

செயற்குழு இரண்டுபட்டுத் தமிழ்ப் பாடசாலை மூடப்படும் நிலை வந்தபோது, அண்ணன் குழுவைக் கலைத்தார். சங்க விதிகளை வகுக்கும் புதிய யாப்பு எழுதியதும் பொதுக்கூட்டம் என்றார். யாப்பு எழுதப்படவேயில்லை. ஆண்டுதோறும் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் சிணுங்கும் நேரம் பார்த்து ஒலிவாங்கியைப் பிடிப்பார்.

“நானே தொடர்ந்து பாக்கிறன். ஆருக்கும் மறுப்போ?”

சோறு ஆறுகிறதே என்று சபை கைதட்டும். அதுவே எங்கள் தேர்தல்.

ஆனால் பாடசாலை மூடப்படவில்லை. கொட்டும் பனியிலும் முதலில் வந்து கதவைத் திறந்தவர் அவரே. அங்கு படித்த பிள்ளைகள் டெனிஷில் பதில் சொன்னாலும் தமிழ் வாசிப்பார்கள்.

அண்ணனோடு வேலை செய்த யானிஸ், லாத்வியா நாட்டவர். தன் நாட்டுப் பழைய தலைவர் ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். இரு உலகப் போர்களுக்கும் இடையில் ஆண்டவர், உழவர் மகன், மணமாகாதவர். அரசியலமைப்பைத் திருத்துவதாகச் சொல்லிப் பாராளுமன்றத்தைக் கலைத்தவர். பிறகு தேர்தலே வைக்காதவர். சோவியத் படை வந்தபின் சிறையில் இறந்தார். புதைத்த இடம் தெரியாது. நாட்டைக் கட்டியவர் என்பார் சிலர், சர்வாதிகாரி என்பார் சிலர். சண்டை இன்னும் ஓயவில்லையாம்.

அண்ணனுக்கு அந்தத் தலைவரில் ஒரு பாசம்.

“அந்த மனிசன்ர காலத்தில சனம் நல்லாச் சாப்பிட்டதாம், தம்பி.”

“எங்கட சனமும்தான் அண்ணை, பொங்கலுக்கு.”

“உனக்கு எப்பவும் நக்கல்.”

“ஒருக்கா கூட்டத்தைக் கூட்டுங்கோவன். நீங்கள்தானே வெல்லுவியள்?”

“தோத்தால்?”

கடைசி நாட்களில், மருத்துவமனையில், அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

“கூட்டம் வைச்சிருந்தால் வெண்டிருப்பனோடா?”

“ஓம் அண்ணை” என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படி நானும் சொல்லவில்லை.

இன்று, அண்ணன் மறைந்த முப்பத்தோராம் நாள் நினைவில், மதிய உணவுக்கு முன், மண்டபத்தில் அண்ணனின் படத்தை மாட்டுவதற்கு மறுப்புண்டா என்று ஒலிவாங்கியில் கேட்கப் புதிய தலைவர் ஆயத்தம். அவரையும் யாரும் தெரிவு செய்யவில்லை. படத்தோடு தன்னையும் தலைவராக மாட்டிவிடுவார் என்பது என் ஐயம். ஆகவே குடும்பத்தின் சம்மதத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: இரகசிய வாக்கெடுப்பு, அதுவும் உணவுக்குப் பின். முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்.

அண்ணனைத் தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற யானிஸுக்கும், சமைத்துத் தந்த சகோதரிகளுக்கும், ஒடென்சேயிலிருந்தும் ஸ்கீவயிலிருந்தும் வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. நான் வாக்குச்சீட்டில் “ஆம்” என்றே எழுதுவேன். உங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான்; அண்ணனுக்கும் அதுதான் இருந்தது. முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். பிறகு அவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.