மேல்முனை, கீழ்முனை

ரூபினியைக் கேட்காமலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில் கடைசிப் பரீட்சை எழுதி முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் அவள் அலமாரியை மூன்று தடவை கலைத்து அடுக்கியிருந்தாள். தலைமுடியைத் தானே வெட்டிக் கெடுத்துக்கொண்டிருந்தாள். காரியம் எதுவும் இல்லாமல் தானா ராத்தா டவுனுக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்த் திரும்பியிருந்தாள். கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்ட தோழி துளசி தினமும் படம் அனுப்புவாள். அதைப் பார்த்துவிட்டு ரூபினி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடப்பாள்.

“காலு ஒரு எடத்துல நிக்குதா பாரு,” என்றாள் அம்மா தவமலர். “சனிக்கெழமையிலேருந்து எங்கூட வேலைக்கு வா. ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன்.”

“என்னா வேல?”

“நிக்கிற வேல.”

தவமலர் பதினாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தோள்பட்டை மக்கர் செய்யத் தொடங்கியதும் அதே எஸ்டேட்டில் ஜாகாவாகச் சேர்ந்தாள். ஜாகா என்றால் கேட்டில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிற காவல் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து மேலே சுற்றுப்பயணிகள் வரும் தேநீர்க் கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் எஸ்டேட் பாதை. ஒரு கார் போனால் எதிரே வருவதற்கு ஒதுங்க இடமில்லை. இந்தப் பக்கம் தேயிலைச் சரிவு, அந்தப் பக்கம் இடுப்பளவு ஆழக் கால்வாய். நடுவில் மூன்று வளைவுகள். கீழே நிற்பவருக்கு மேலே இருப்பது தெரியாது, மேலே நிற்பவருக்குக் கீழே இருப்பது தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் வாக்கி-டாக்கியோடு நின்று, காரை மாற்றி மாற்றி விடவேண்டும். கீழிருந்து பத்துப் பதினைந்து கார் ஏற விட்டால், கடைசிக் காரின் நிறத்தையும் எண்ணையும் மேலே சொல்லவேண்டும். அந்தக் கார் கண்ணெதிரே வந்து சேர்ந்த பிறகுதான் மேலே இருப்பவர் பலகையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்பலாம். நான்கு வருஷமாகத் தவமலர் கீழ்முனை. மேல்முனையில் நின்ற நேப்பாளி ஊருக்குப் போய்விட்டான். அந்த இடத்தில்தான் ரூபினி.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு, முழங்கால்வரை தொங்கும் மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பலகையைப் பிடித்து நின்றாள். எதிரே இருபது கார்கள். எல்லாக் கண்ணாடிக்குப் பின்னாலும் அவளையே பார்க்கும் முகங்கள். அப்போது இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி அம்மாவின் குரலில் கரகரத்தது.

“பாப்பா, குடுத்துவுட்ட ரொட்டிய சாப்டியா? காத மூடிக்க. பனி ஏறுது.”

எஸ்டேட்டில் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. மேலே கடையின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் விமலன், ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி ரெங்கசாமி, ஆலை வாசல் காவலாளி, எல்லாருமே கேட்டார்கள். ரூபினி வாய் திறப்பதற்குள் விமலன் பதில் சொன்னான்.

“பாப்பா இன்னும் சாப்புடல அக்கா. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

ஆலை வாசலிலிருந்து யாரோ சிரித்தார்கள். ரூபினிக்கு அந்தக் கால்வாயில் இறங்கிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. விமலன் அவளைவிட இரண்டு வயதுதான் பெரியவன், அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

சாயங்காலம் லயத்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் வெடித்தாள். “ரேடியோவுல என்னய பாப்பான்னு கூப்புடாதம்மா. சாப்டியா, தூங்குனியான்னு கேக்காத. அங்க நான் உன் மக இல்ல. கூட வேல செய்யிற ஆளு, அவ்ளோதான்.”

“அப்ப என்னான்னு கூப்புடறது?”

“மேல்முனைன்னு கூப்புடு.”

தவமலர் மகளை ஒரு கணம் பார்த்தாள். “சரி லா,” என்றாள்.

சொன்ன வார்த்தையை அவள் கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினாள். மறுநாளிலிருந்து வாக்கி-டாக்கியில், “கீழ்முனை பேசுது. பன்னெண்டு காடி. கடைசி நீல சாகா, மூணு ஒம்போது ரெண்டு எட்டு,” என்று கார் கணக்கும் கடைசிக் காரின் அடையாளமும் மட்டும்தான் வந்தது. கேட்டுக்கொண்டது கிடைத்தும் ரூபினிக்கு நிம்மதி இல்லை. நாள் முழுக்க அந்த மூலையில் நிற்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜன்னலை இறக்கி எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், இன்னும் எவ்வளவு நேரம்? அவளும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். கிளந்தான் எண், சிலாங்கூர் எண், சிங்கப்பூர் எண். அவள் மட்டும் பலகைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே நடந்தாள். ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். தேயிலைச் செடியில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த இலையையெல்லாம் கிள்ளி மொட்டையாக்கினாள்.

சீனப் பெருநாள் விடுமுறை வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கே மலை முழுக்க கார். பனி மூடி, இருபது அடிக்கு அப்பால் வெறும் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் துளசியிடமிருந்து செய்தி வந்தது. “கடையில இன்னொரு ஆள் வேணுமாம். ரூம் என்கூடவே தங்கலாம். வர்றியா? இன்னைக்கே சொல்லணும்.”

ரூபினி பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பதில் தட்டினாள். இடுப்பில் கீழ்முனை பேசியது. “கடைசி, வெள்ள மைவி,” என்பது காதில் விழுந்தது. எண் விழவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெரிய வேன்காரர் ஹார்ன் அடித்தார். பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மைவி கார் மேலே ஏறி வந்தது. ரூபினி பலகையைத் திருப்பினாள். வேன் இறங்கியது. பின்னாலேயே பதிமூன்று கார்கள் இறங்கின.

மலேசியாவில் வெள்ளை மைவிக்கா பஞ்சம்? அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து கார் ஏறிக்கொண்டிருந்தது. அதில் கடைசியாக வந்ததும் ஒரு வெள்ளை மைவிதான்.

ஏறிய கார்களும் இறங்கிய கார்களும் இரண்டாவது வளைவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் நகரப் பார்த்த ஒரு ஹைலக்ஸின் பின்சக்கரம் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. ரூபினி மேலிருந்து ஓடினாள். தவமலர் கீழிருந்து ஏறி வந்தாள். யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினார்கள். தவமலர் எதையும் காதில் வாங்காமல் ஒவ்வொரு காராகப் பானெட்டைத் தட்டி, “உண்டோர் அபாங், சிக்கிட் லாகி,” பின்னால போங்க அண்ணே, இன்னும் கொஞ்சம் என்று மலாயில் சொல்லிச் சொல்லிப் பின்னுக்கு அனுப்பினாள். ஹைலக்ஸைக் கயிறு கட்டி இழுக்க எஸ்டேட் டிராக்டர் வரவேண்டியிருந்தது. எல்லாம் சீராக இரண்டு மணி நேரம் பிடித்தது.

நடுவில் வாக்கி-டாக்கியில் கிராணியின் குரல் வந்தது. “என்னா நடந்துச்சு? யாரு தப்பு?”

ரூபினி அம்மாவின் வாயையே பார்த்தாள். பனி என்று சொல்லலாம். வேன்காரர் என்று சொல்லலாம். தவமலர் பொத்தானை அழுத்தினாள்.

“மேல்முனை தப்பு. நான் நம்பர் சொன்னேன். அது கேக்காம வுட்டுருச்சு.”

வீட்டுக்கு வந்ததும் ரூபினி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எல்லாரும் கேக்கறப்ப என்னைய இப்படி மாட்டி வுட்டுட்டியே.”

“நீதானே அங்க என் மக இல்லன்னு சொன்ன.” தவமலர் அரிசியைக் களைந்துகொண்டே பேசினாள். “கூட வேல செய்யிற ஆளு தப்பு செஞ்சா அப்படித்தான் சொல்லுவேன். யாராவது செத்திருந்தா?”

கிராணி அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மறுநாள் விமலன் மேல்முனையில் நிற்கட்டும், பொண்ணு கீழே அம்மாவோடு நின்று வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார். ரூபினி துளசிக்கு, “வர்றேன். ஒரு நாள் டைம் குடு,” என்று எழுதினாள். ஒரு நாள் நின்றுவிட்டு, சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

கீழ்முனையில் அவள் அதுவரை நின்றதே இல்லை. மேலே காற்றாவது இருக்கும். இங்கே பஸ்ஸும் லோரியும் புகை கக்கிக்கொண்டு முதுகை உரசிப் போயின. எஸ்டேட் பாதைக்குள் திரும்பக் காத்து நின்ற வரிசை மெயின் ரோட்டை அடைத்தது. அதற்காகப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தவமலரைத்தான் ஏசினார்கள். தவமலர் ஒருவருக்குக் கும்பிடு போட்டாள், ஒருவரை முறைத்தாள், ஒரு சீனப் பாட்டிக்கு அவருடைய மொழியிலேயே இரண்டு வார்த்தை சொல்லிச் சிரிக்கவைத்தாள். இத்தனைக்கும் நடுவே கடைசிக் காரின் எண் அவள் வாயிலிருந்து தப்பாமல் வந்தது. ரூபினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதினொரு மணிக்குத்தான் அவள் கவனித்தாள். அம்மாவின் தண்ணீர்ப் புட்டி மூடி திறக்காமல் கல்லின் மேல் இருந்தது.

“தண்ணி குடிம்மா.”

“வேணாம்.”

ஒரு மணிக்கும் அப்படியே இருந்தது. தவமலர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றாள். முகம் இறுகியிருந்தது.

“கக்கூஸ் எங்கம்மா இருக்கு இங்க?”

“மேல. கடையில.”

“அவ்ளோ தூரமா? அப்ப நீ எப்ப போவ?”

“காலையில போயிட்டு வருவேன். அப்புறம் வேல முடிஞ்சு.” தவமலர் பலகையைத் திருப்பினாள். “தண்ணி குடிக்காட்டி ஒன்னும் இல்ல. பழகிப்போச்சு.”

போன வருஷம் அம்மா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தது ரூபினிக்கு நினைவு வந்தது. காய்ச்சல் என்றுதான் வீட்டில் சொன்னாள். காய்கறி லோரி ஓட்டும் அப்பா அப்போது ஜொகூரில் இருந்தார்.

“போன வருஷம் வந்தது காய்ச்சல் இல்லதானே? மூத்திரத்த அடக்கி அடக்கி வந்ததுதானே?”

“ரோட்டப் பாரு.”

“நான் இருக்கேன்லம்மா. நீ இப்ப போயிட்டு வா.”

“உன்னைய நம்பி வுட்டுட்டா? நேத்து செஞ்சது பத்தாதா?”

நியாயமான பேச்சுதான். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. ரூபினி இரண்டடி தள்ளி நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி தள்ளிப் போனாள். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள்.

“மேல்முனை, கேக்குதா? ஒரு காடியும் எறக்காத. இங்கயும் ஒன்னும் ஏறாது. ரெண்டு பக்கமும் நிப்பாட்டு. எங்கம்மா கக்கூஸ் போகணும்.”

தவமலர் மகளின் கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். ரூபினி நடு ரோட்டுக்கு நகர்ந்து சிவப்புப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

“ஏய், யாரு பேசறது? விடு காடிய!” என்று கிராணி கத்தினார். இவள் விடவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவரே மோட்டாரில் பறந்து வந்தார். பின்னால் மெயின் ரோடு முழுக்க ஹார்ன் சத்தம்.

“மோட்டாருல எங்கம்மாவ ஏத்திக்கிட்டுப் போங்க கிராணி,” என்றாள் ரூபினி. “போயிட்டுத் திரும்பி வந்தவொடனே வுட்டுருவேன்.”

ரெங்கசாமி வரிசையைப் பார்த்தார். தவமலரைப் பார்த்தார். நான்கு வருஷத்தில் அவருக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. “ஏறு, ஏறு,” என்றார். தவமலர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். மோட்டார் மேலேறியது.

பதினைந்து நிமிஷம் ரூபினி தனியாக நின்றாள். ஒருவர் இறங்கி வந்து என்ன ஆயிற்று, மரம் விழுந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார். “ஒராங் பெர்கி தண்டாஸ்,” என்றாள். கக்கூஸ் போயிருக்கிறார்கள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் என்ஜினை அணைத்தார்.

தவமலர் வந்து இறங்கியதும் முதலில் திட்டினாள். “ஊரு பூரா கேக்க சொல்லுவியா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் விமலன்கிட்ட பேசறது?” திட்டி முடித்து, கல்லிலிருந்த புட்டியை எடுத்து, நின்றபடியே பாதித் தண்ணீரைக் குடித்தாள். பிறகு பலகையைப் பச்சைக்குத் திருப்பினாள். அன்று விமலன் எதுவும் கிண்டல் செய்யவில்லை.

துளசிக்கு ரூபினி, “இப்ப இல்ல,” என்று எழுதினாள். ஏன் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மலைமேல் இருப்பது அவளுக்கு முன்பைவிடப் பிடித்துவிடவும் இல்லை. பரீட்சை முடிவு வரும்வரை மேல்முனையில் நின்றாள், அதே எரிச்சலோடு. அம்மாவோடு தினமும் சண்டை போட்டாள். ஆனால் போனைப் பையிலேயே வைத்திருந்தாள். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கிராணி மோட்டாரோடு ஆள் அனுப்பினார். அது போதாது என்று அவள் மூன்று தடவை ஆபீஸ் படியேறி, கீழே ஒரு கக்கூஸ் கட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் மூன்று தடவையும் பார்க்கலாம் என்றார்.

வருஷ நடுவில் ஈப்போ போலிடெக்னிக்கில் இடம் கிடைத்துப் போய்விட்டாள். அங்கேயும் விடுதி அறையில் அவளால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கீழ்முனையில் மெயின் ரோட்டோரம், தேயிலைச் சரிவை ஒட்டி, பச்சைத் தகரம் அடித்த ஒரு சின்ன அறை. சிமெண்டு இன்னும் காயவில்லை. படத்துக்குக் கீழே தவமலர் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ரூபினி காதோடு வைத்துக் கேட்டாள்.

“கக்கூஸ் கதவு சரியா சாத்தல. விமலன்கிட்ட சொல்லிருக்கேன். மத்தபடி பரவால்ல.”