தம்பியிடம் கேட்காத கேள்வி

எங்கள் இரத்த வங்கியில் அவருக்குப் பெயர் கேள்வியக்கா. இரத்தம் கொடுக்க வருகிறவர்களை ஊசி குத்துவதற்கு முன்னால் உட்காரவைத்து விசாரிப்பதுதான் அவர் வேலை. அப்படி எடுத்த இரத்தத்தைப் பக்கத்து அறையில் பரிசோதிப்பது என் வேலை. அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவளும் நான்தான்.

அக்கா கேள்வி கேட்கும் அழகே தனி. முதலில் கூட வந்தவர்களை விரட்டுவார். "மச்சானுக்கு ஊசின்னா பயம், நானும் உள்ள இருக்கேனே" என்று வழிகிறவனிடம், "ஊசி அவருக்குத்தான், உங்களுக்கில்ல. நீங்க வெளிய உக்காந்து பயப்படுங்க" என்பார். கதவைச் சாத்தி, பேச்சு வெளியே போகாமலிருக்க மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுவார். அப்புறம் ஆரம்பிக்கும். காலைல என்ன சாப்பிட்டீங்க, ராத்திரி தூங்கினீங்களா, பச்சை குத்திக்கிட்டீங்களா, ஊசியில போதை ஏத்துற பழக்கம் உண்டா, சமீபத்துல புதுசா யாரோடயாவது படுத்தீங்களா? எல்லாம் ஒரே குரலில், கறிகாய் விலை விசாரிப்பது போல. கேட்கும்போது முகத்தைப் பார்க்கவே மாட்டார். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்பார்.

"கண்ணைப் பாத்துக் கேட்டா பொய் வரும்டி. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா உண்மை வரும்" என்பார் என்னிடம்.

ஆமாம் என்று ஒப்புக்கொண்டவனை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. வெளியே வந்து அவன் கூட்டாளிகளிடம், "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. கீரை சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் புண்ணியத்தில் ஜிம்முக்குப் போய்த் தோளை ஏற்றிக்கொண்டு திரிகிற பையன்கள் பாதிப்பேர் வீட்டில் கீரைதான்.

இரத்தத்தைப் பரிசோதிக்க மெஷின் இருக்கும்போது வாயால் ஏன் கேட்கவேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. என் மெஷின் கெட்டிக்காரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்ஐவி கிருமி உடம்புக்குள் வந்த புதிதில், சில வாரங்களுக்கு அவளும் குருடிதான். கிருமி உள்ளே இருக்கும், இரத்தத்தில் ஓடும், ஏற்றிக்கொண்டவருக்கும் போய்ச் சேரும். மெஷின் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லும். அந்தச் சில வாரங்களைப் பிடிக்க அக்காவின் வாயை விட்டால் எங்களிடம் வேறு ஆயுதம் கிடையாது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

அக்காவுக்கு ஒரே தம்பி. ஏசி மெக்கானிக். அம்மா போனபிறகு சோறூட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். தம்பி என்று பேச்சு வந்தால் போதும், மனுஷிக்குத் தலைகால் புரியாது. அவனுக்கோ எளிதில் கிடைக்காத நெகட்டிவ் குரூப். அவசரம் என்றால் அக்கா போன் போடுவார், அவனும் மூச்சிரைக்க வந்து நிற்பான்.

ஒரு மதியம் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், முதல் குழந்தை. அவளுக்கு வேண்டிய நெகட்டிவ் இரத்தம் எங்களிடம் கையிருப்பு இல்லை. வார்டிலிருந்து போன் மேல் போன். அக்கா தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், எங்க இருக்க? எதுவா இருந்தாலும் அப்படியே போட்டுட்டு வா."

கையில் கிரீஸோடு வந்தான். அவன் உள்ளே போனதைப் பார்த்தேன். அறைக் கதவை அக்கா சாத்தவில்லை. கை கழுவச் சொன்னார், பிரஷர் பார்த்தார், நேரே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். பரிசோதனைக் குழாயை வாங்க வந்த நான், "எல்லாம் கேட்டாச்சாக்கா?" என்றேன்.

"இவன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? மூக்கு சிந்திவிட்டவ நானு. போடி, வேலையைப் பாரு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கூச்சம் என்று நினைத்தேன். அக்கா வாயிலிருந்து அந்தக் கேள்வியைத் தம்பி எப்படிக் கேட்பான், இவர்தான் எப்படிக் கேட்பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது. மெஷின் ஒன்றுமில்லை என்றது. இரத்தம் வார்டுக்குப் போனது, அந்தப் பெண் பிழைத்தாள். அக்கா எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

சில மாதம் கழித்து அவன் மறுபடி கொடுக்க வந்தான். இந்த முறை மெஷின் கிருமியைப் பிடித்துவிட்டது.

குழாய் மாறிவிட்டதா என்று பார்த்தேன். திரும்பப் போட்டேன். அதே பதில். வேறு முறையில் உறுதி செய்தோம், அதிலும் அதேதான். இந்த இரத்தம் யாருக்கும் போகப்போவதில்லை, சரி. போன முறை கொடுத்தது? தலைமை டாக்டரிடம் சொன்னபிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டு நானே சொன்னேன். அவர் அழவில்லை. "அந்தத் தையல்கார பொண்ணு" என்றார். தம்பியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவளைப் பற்றித்தான் கேட்டார். அதையும் சொல்லவேண்டும் இல்லையா?

தம்பியை வேறு ஒருவர் விசாரிக்கட்டும் என்றார் டாக்டர். அக்கா விடவில்லை. பிடிவாதம் பிடித்து என்னையும் கூட உட்காரவைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். பிரஷர் பட்டையைக் கையில் எடுத்தவர், அதைச் சுற்றத் தெரியாதவர் போல அப்படியே வைத்திருந்தார்.

"போன தடவை குடுக்க வந்தியே. அதுக்கு முன்னாடி... புதுசா யாரோடயாவது இருந்தியா?"

"ஆமாக்கா."

"எப்போ?"

"வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தேன்ல, அப்போ. திரும்பி வந்த அடுத்த வாரமே நீ போன் பண்ணிட்ட."

"ஏண்டா சொல்லல?"

"எப்படியும் மெஷின்ல போட்டுப் பாப்பீங்க, இருந்தா தெரிஞ்சுடும்னு நெனச்சேன்." தலையைக் குனிந்துகொண்டான். "உன்கிட்ட எப்படிக்கா சொல்றது? இவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இவங்க என்று கை காட்டியது என்னை. அடப்பாவி, ஒரு குரல் கொடுத்தால் எழுந்து வரும் தூரத்தில்தானே இருந்தேன்! அக்கா பட்டையை மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தையல்காரியை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். இருந்தது. கணவனுக்கு இல்லை. குழந்தைக்கும் இல்லை. தாய்ப்பாலை உடனே நிறுத்திவிட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். தம்பிக்கும் அதே மாத்திரை. அக்காவைக் கேள்வி நாற்காலியிலிருந்து மாற்றிச் சாமான் அறையில் போட்டார்கள். விசாரணை முடிகிறவரை யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சாமான் அறையில் காலி இரத்தப் பைகளை அடுக்கிக்கொண்டே, "நான் கேட்டிருக்கணும்டி, இல்ல உன்னைக் கேக்கச் சொல்லியிருக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "போதும்க்கா, சொன்னதையே சொல்லாதீங்க" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அன்றைக்கே எழுந்து மாத்திரை கொடுக்கும் பகுதிக்குப் போய்விட்டார். பதறியடித்து நானும் பின்னால் ஓடினேன்.

தையல்காரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அக்கா எதிரில் போய் நின்றார்.

"அம்மா, உங்களுக்கு ஏத்துன ரத்தத்தைக் குடுத்தவரை விசாரிக்க வேண்டியது என் வேலை. வர்ற எல்லாரையும் கேக்கறவதான் நான். அவரை மட்டும் கேக்கல. யாருன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா தப்பு என்னோடது."

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "என்ன கேக்கல?"

"புதுசா யாரோடயாவது பழக்கம் உண்டான்னு."

"ஏன் கேக்கல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா? என் மாமியாருக்கு அதெல்லாம் இல்ல. தெனம் என்னைக் கேக்கறாங்க. என் மகனுக்கு இல்ல, புள்ளைக்கு இல்ல, உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு, யாருகூடப் போனன்னு. ரத்தத்துல வந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. நம்பல. டெஸ்ட் பண்ணாம எவன் ஏத்துவான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? என் புருஷன்கூட இப்போ பேசாம உக்காந்திருக்காரு."

அக்கா முகத்தில் இரத்தமே இல்லை. "நான் வந்து சொல்றேன். உங்க மாமியார்கிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்ட, யாரு கேட்டாலும் சொல்றேன்."

"அக்கா, வேலை போயிடும்" என்றேன். நானும் மனுஷிதானே, அதுதான் முதலில் வாயில் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்போ வருவீங்க?" என்றாள் அவள்.

"இப்பவே."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நான் அந்த வீட்டுல இருந்தாகணும். அதுக்குத்தான் கூப்புடறேன்."

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு அவள் பின்னால் நடந்தார்.